பிரெயில் நோட்டேக்கர் வாங்கலாமா? ஒரு தாய்மாமனுக்குப் பதில்

கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கம். அக்கா மகளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டாள், மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேரப் போகிறாள். “தாய்மாமன் என்ற முறைக்கு உருப்படியாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிரெயில் நோட்டேக்கர் என்று ஒரு கருவி இருக்கிறதாம், நான்கைந்து லட்சம் ஆகும் என்கிறார்கள். அவளோ ‘போனே போதும் மாமா’ என்கிறாள். பத்திரத்தை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஆனால் போனே போதும் என்று உங்கள் அக்கா மகள் சொல்வதையும் நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவி என்ன செய்கிறது, ஏன் இந்த விலை விற்கிறது என்று கொஞ்சம் பேச வேண்டும்.

எனக்கும் பார்வை இல்லை. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தேழு வருடம் வரலாறு நடத்தினேன். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பிரெயிலும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கடைக்காரன் பேச்சாக இல்லாமல், கையில் வைத்துப் புழங்கியவன் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்த காலத்தில் குறிப்பெடுப்பது என்றால் ஸ்லேட்டும் எழுத்தாணியும்தான். கெட்டித் தாளைச் சட்டத்தில் மாட்டி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். வகுப்பில் நான் ஒருவன் குத்தினாலே ஆசாரி கடை மாதிரி சத்தம் வரும். அதற்கு அடுத்த படி பெர்கின்ஸ் பிரெயிலர். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, ஒரே அழுத்தில் ஒரு எழுத்து. 1951இல் வந்த இயந்திரம், நம் காட்பாடியிலும் தயாராகிறது. ஐந்து கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பார்த்தால்தான் அருமை தெரியும். தாளும் சும்மா இல்லை. ஒரு பருவத்துக்கு எழுதிய குறிப்பை அடுக்கினால் அரிசி மூட்டை அளவுக்கு வந்து நிற்கும்.

அந்த ஆறு விசையை மட்டும் வைத்துக்கொண்டு தாளை எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் மின்னணு நோட்டேக்கர். அமெரிக்காவில் டீன் பிளேசி என்பவர் 1987இல் ‘பிரெயில் அண்ட் ஸ்பீக்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய வீடியோ கேசட் அளவுதான் இருக்கும். ஆறு புள்ளி விசை, நடுவில் இடைவெளி விசை, மொத்தம் ஏழு. திரை கிடையாது. பிரெயிலில் தட்டினால் உள்ளே சேமித்துக்கொள்ளும், கேட்டால் குரலில் படித்துக் காட்டும். அதற்கு முன்பே, ஒலிநாடா கேசட்டில் எழுத்தைப் பதிந்து, விரலுக்கடியில் இருபது இருபது எழுத்தாகப் புள்ளியில் காட்டும் வெர்சாபிரெயில் என்ற கருவியும் வந்திருந்தது. பிறகு இரண்டும் ஒன்றாயின. நியூசிலாந்திலிருந்து 2000இல் வந்த பிரெயில்நோட், கொரியாவின் பிரெயில்சென்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. விசை, குரல், விரலுக்கடியில் எழும்பும் புள்ளி வரிசை, அதோடு கடிகாரம், நாட்காட்டி, மின்னஞ்சல், புத்தகம் படிப்பது என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள். இப்போது வருகிறவற்றுக்குள் ஓடுவது ஆண்ட்ராய்டு. உங்களிடம் யாரோ நான்கைந்து லட்சம் என்று சொன்னது இந்த வகையைத்தான்.

விலைக்குக் காரணம் அந்தப் புள்ளி வரிசை. பிரெயிலில் ஒரு எழுத்து நிற்கும் கட்டத்தை நாங்கள் செல் என்போம். கணினிக்கென்று ஆறோடு இன்னும் இரண்டு புள்ளியைச் சேர்த்து, கருவியில் ஒரு செல்லுக்கு எட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும், மின்சாரம் கொடுத்தால் வளைகிற ஒரு மெல்லிய பீங்கான் பட்டை இருக்கிறது. பீசோ என்று பெயர். பட்டை வளைந்தால் புள்ளி எழும்பும், மின்சாரம் போனால் இறங்கும். இதற்கு இருநூறு வோல்ட் அளவில் வேண்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். 32 செல் கருவி என்றால் 256 பட்டை, 256 குட்டி ஊசி, அத்தனையும் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும். உலகத்தில் இதைச் செய்கிற நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்குகிறவர்களும் குறைவு. போன் மாதிரி கோடிக்கணக்கில் விற்றால் விலை விழும், இது விழாது. அதனால்தான் முழு நோட்டேக்கர் வெளிநாட்டில் 5,000 டாலரைத் தாண்டி விற்கிறது. கப்பல் செலவு முதலான எல்லாம் சேர்ந்து நம் ஊர் வந்து சேரும்போது உங்கள் பத்திரத்தைக் கேட்கிறது.

ஆக, நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி புள்ளி வரிசைக்குப் போகிறது. மீதி, போனுக்குள் இருப்பது போன்ற ஒரு ஆண்ட்ராய்டு பலகைக்கு. அந்தப் பலகைதான் சீக்கிரம் கிழடாகிறது. 2016இல் வந்த பிரெயில்நோட் டச் உள்ளே இருந்தது ஆண்ட்ராய்டு 4.4. அப்போதே போன்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. புள்ளி வரிசை பத்து வருடம் உழைக்கும். கூடவே கட்டிவைத்த பலகை நான்கைந்து வருடத்தில் ‘இந்தச் செயலி இதில் ஓடாது’ என்று சொல்ல ஆரம்பிக்கும். நல்ல காளையை ஓட்டை வண்டியில் பூட்டிய கதை.

சரி, அப்படியானால் புள்ளி வரிசையே எதற்கு, போன்தான் பேசுகிறதே என்று உங்கள் அக்கா மகள் கேட்பாள். இங்கேதான் எனக்கு அவளோடு வழக்கு.

அவள் படிக்கப் போவது தமிழ். கொல்லை, கொள்ளை என்று போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல குரல்களில் இரண்டும் ஒன்று போலவே காதில் விழும். ர, ற வித்தியாசம் ஓடுகிற ஓட்டத்தில் சுத்தமாகக் காணாமல் போகும். ந, ன எந்தக் குரலிலும் ஒன்றுதான். காதால் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பேசச் சொன்னால் அருவி மாதிரி கொட்டுவார்கள். எழுதச் சொன்னால் ‘பல்லிக்கூடம்’ என்று எழுதுவார்கள். அறிவுக் குறைவு இல்லை, அந்த எழுத்தை அவர்கள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை, அவ்வளவுதான். பார்வை உள்ளவன் ஒரு சொல்லை ஆயிரம் தடவை கண்ணால் பார்த்துப் பழகுகிறான். நமக்கு அந்தப் பழக்கம் விரல் வழியாகத்தான் வர வேண்டும்.

பிரெயிலில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஒரு செல்லில் இடது பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. ‘ல’ என்றால் இடது பக்க மூன்று புள்ளியும். ‘ள’ என்றால் வலது பக்க மூன்று புள்ளியும். ‘ழ’ என்றால் நான்காவது புள்ளி தவிர மற்ற ஐந்தும். விரல் வைத்த கணத்தில் மூன்றும் மூன்று ஆட்கள். யாப்பு நடத்தும்போது நேரசை, நிரையசை பிரிக்கக் குறில் எது, நெடில் எது என்று எழுத்தெழுத்தாகத் தெரிய வேண்டும். குரல் ‘எ’யையும் ‘ஏ’யையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடினால் வெண்பாவை எப்படி அலகிடுவது? மாமன் கொடுக்கிற சீர், பிள்ளைக்குச் சீர் பிரிக்கவும் உதவ வேண்டாமா?

தமிழ் பிரெயிலைப் பற்றி இன்னும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கருவியின் அளவைத் தீர்மானிக்க உதவும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுத்த பாரதி பிரெயிலில்தான் நாம் எழுதுகிறோம். இதில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் தனி செல்லாக வரும். அச்சில் ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் கொம்பும் காலும் சுற்றி நிற்கும். பிரெயிலில் முதலில் க, அப்புறம் ஒ, காதில் கேட்கிற வரிசையிலேயே. புள்ளி வைத்த மெய்க்கு, எழுத்துக்கு முன்னால் ஒரு செல் போடுகிறோம். ஆக, ‘மதுரை’ அச்சில் மூன்று எழுத்து, பிரெயிலில் ம, த, உ, ர, ஐ என்று ஐந்து செல். ‘கொல்லையில்’ ஒன்றே பத்து செல் எடுக்கும். ஆங்கிலப் பிரெயிலில் சுருக்கங்கள் நிறைய உண்டு, பெரிய பெரிய சொல்லை ஒரே செல்லில் முடித்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் 20 செல் கருவியில் தமிழ் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். படிக்கலாம், ஆனால் கட்டை விரல் அடிக்கடி ‘அடுத்து’ விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 40 செல் என்றால் வசதி, விலையும் எடையும் ஏறும். 14 செல் கருவிகளும் உண்டு. ஆங்கிலத்துக்கு ஓடும், தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அது கடுகுக்குள் கடலைத் தேடுவது மாதிரி. வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். 2003 வாக்கில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய நோட்டேக்கர் ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். புள்ளி வரிசை இல்லாத, வெறும் குரல் வகை. அதற்குத் தமிழ் தெரியாது. ஆனால் புள்ளிக்கு மொழி ஏது? நான் பாட்டுக்குத் தமிழ் பிரெயிலில் தட்டுவேன். அது தனக்குத் தெரிந்த ஆங்கிலப் பிரெயிலாக எண்ணிக்கொண்டு படிக்கும். ‘மதுரை’ என்று தட்டினால் “எம், டி, யூ, ஆர், சாய்கோடு” என்று சொல்லும். முதலில் தலை சுற்றியது. இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு சாய்கோடு என்றால் ஐகாரம் என்று காது தானாக எடுத்துக்கொண்டது. என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, “என்ன, மந்திரம் ஓதுறீங்களா?” என்பாள்.

இரண்டு வருடப் பாடக் குறிப்பு அதற்குள் இருந்தது. ஒரு மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனவன் அதைச் சார்ஜ் போடாமல் அலமாரியில் வைத்துவிட்டேன். திரும்பி வந்து விசையைத் தட்டினால் பச்சைக் குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் முழிக்கிறது. அந்தக் காலக் கருவியில் நினைவகம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரி அடியோடு இறங்கியதும் எல்லாம் போச்சு. புது பேட்டரி வேண்டும் என்று எழுதினேன், கருவியையே கடல் தாண்டி அனுப்பச் சொன்னார்கள். அதற்கு ஆகும் செலவில் அப்போது ஒரு மாடு வாங்கலாம். மறுபடியும் ஸ்லேட்டை எடுத்துக் குத்த உட்கார்ந்தேன்.

இப்போதைய கருவிகளில் குறிப்பு அப்படி அழியாது, அட்டையிலோ உள் நினைவகத்திலோ நிலையாக இருக்கும். ஆனால் பழுதுபார்ப்பு விஷயம் பெரிதாக மாறவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்த போனையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்ய ஆள் இருக்கிறது. பிரெயில் கருவியின் ஒரு புள்ளி அடைத்துக்கொண்டால் அந்தத் தெரு முழுக்க அலைந்தாலும் கைவைக்க ஆள் கிடைக்காது. அதனால் எதை வாங்கினாலும் முதல் கேள்வி, “பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், யார் செலவில், அதுவரை மாற்றுக் கருவி தருவீர்களா?” இதை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். நோட்டேக்கரில் எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்கிறது, அது பழுதானால் குறிப்பு, புத்தகம், மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்து ஊருக்குப் போய்விடும். தேர்வுக்கு முந்தின வாரம் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இனி நடுவழி. பெட்டியைப் பிரித்துவிடுங்கள். மூளை வேலைக்குப் போன், விரல் வேலைக்குத் தனியாக ஒரு பிரெயில் டிஸ்ப்ளே. டிஸ்ப்ளே என்பது புள்ளி வரிசையும் பிரெயில் விசையும் மட்டும் உள்ள சின்னக் கருவி. புளூடூத்தில் போனோடு சேர்ந்துகொள்ளும். போன் பேசுவதையெல்லாம் விரலுக்கடியில் காட்டும், அதில் தட்டினால் போனில் எழுத்தாகும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்போம். ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ என்ற மூன்று திரைவாசிப்பான்களுமே இதற்குத் தயார். என்விடிஏ இலவசம் என்பது கூடுதல் சேதி. ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் 2006இல் ஆரம்பித்து வளர்த்தது. மூன்று வருடம் கழித்துப் போன் பழசானால் போனை மட்டும் மாற்றலாம், டிஸ்ப்ளே அப்படியே இருக்கும்.

டிஸ்ப்ளேயிலும் பீசோ வகை விலை அதிகம்தான், ஆனால் முழு நோட்டேக்கர் அளவுக்கு இல்லை. விலையை இறக்க வேண்டும் என்றே பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் சேர்ந்து முயன்றதில் ஆர்பிட் ரீடர் 20 வந்தது. வேறு நுட்பத்தில் புள்ளியை எழுப்புகிறது. வெளிவந்தபோது 500 டாலர் அளவில் இருந்தது. வரி மாறும்போது மெதுவாக, கிறுகிறுவென்று ஒரு சின்னச் சத்தத்தோடு மாறும். அதிவேகமாகப் படிப்பவருக்கு அது எரிச்சலாக இருக்கும். புள்ளி என்னவோ நல்ல கெட்டியாக, தாளில் தடவுகிற மாதிரி இருக்கிறது. போன் இல்லாமலும் அதில் குறிப்பெடுக்கலாம், மெமரி கார்டில் புத்தகத்தைப் போட்டுப் படிக்கலாம். ஒரு பி.ஏ. மாணவிக்கு இந்த வகையிலிருந்து ஆரம்பிப்பது போதும் என்பது என் கணக்கு.

அப்படித் தனியாக எழுதும் குறிப்பில் ஒரு சங்கதி இருக்கிறது. சில எளிய கருவிகள் புள்ளியைப் புள்ளியாகவே சேமிக்கும். அந்தக் கோப்பை அவள் பேராசிரியருக்கு அனுப்பினால், அவர் திரையில் நான் முன்பு கேட்ட அதே ‘எம் டி யூ ஆர் சாய்கோடு’தான் தெரியும். பாவம், வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். தனக்கென்று எடுக்கும் குறிப்பு எப்படி இருந்தாலும் சரி. பிறருக்குக் கொடுக்கும் கட்டுரையைப் போனோடு இணைத்துத் தமிழ் எழுத்தாக மாறும்படி எழுத வேண்டும். அல்லது சாதாரண விசைப்பலகையில் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைப் பழகிக்கொள்ள வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குத் தமிழ்99 நல்ல வசதி. உயிரெல்லாம் இடக்கையில், மெய்யில் பெரும்பாலானவை வலக்கையில். ஒரு மாதத்தில் விரல் பழகிவிடும். எண்ணூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் விசைப்பலகை வாங்கி இன்றைக்கே ஆரம்பிக்கலாம், டிஸ்ப்ளே வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கையில் ஏற்கெனவே இருக்கும் போனிலும் ஒரு வித்தை இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2020இல் கூகுள் டாக்பேக்கோடு பிரெயில் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டது. போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, திரை நம்மைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, இரண்டு கையிலும் மும்மூன்று விரலைத் திரையில் பதித்தால் அதுவே ஆறு விசை. ஆரப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு, சுற்றியிருப்பவர் யாருக்கும் கேட்காமல் ஒரு பக்கம் எழுதிவிடலாம். அமைப்பில் பிரெயில் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் போனில் பட்டியலில் தமிழ் இல்லையென்றால் முதலில் டாக்பேக்கைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். எழுத இது அருமை. படிக்க மட்டும் உதவாது, வழவழக் கண்ணாடியில் புள்ளி எங்கே எழும்பும்?

வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு காதில் இயர்போன் மாட்டினால் அவர் பேச்சில் பாதி போய்விடும். பதிவு செய்துகொள்ளலாம்தான். ஐந்து மணி நேரப் பதிவை மறுபடி கேட்க இன்னும் ஐந்து மணி நேரம் வேண்டும், தேர்வுக்கு முந்தின ராத்திரி எந்த நிமிடத்தில் எது இருக்கிறது என்று யார் தேடுவது? டிஸ்ப்ளே இருந்தால் போன் பைக்குள் கிடக்கும், குரலை அணைத்துவிடலாம். இரண்டு காதும் பேராசிரியருக்கு, பத்து விரலும் குறிப்புக்கு. நான் வகுப்பு எடுத்த காலத்தில் இடது கை மேசையில் பிரெயில் தாளைத் தடவிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு முதலாம் பானிபட் போரை நடத்திக்கொண்டிருக்கும். ஆண்டுகளைத் தப்பாகச் சொன்னதே இல்லை என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். ரகசியம் விரலில் இருந்தது. காதில் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே வாயால் இன்னொன்றைப் பேசிப் பாருங்கள், இரண்டாவது வரியில் உளறிவிடுவீர்கள். நாளைக்கு அவளும் வகுப்பு எடுக்கப் போகிறவளாக இருந்தால் இது ஒன்றே போதும் பிரெயிலை விடாமல் இருக்க.

வாங்கப் போகும்போது விற்பவர் ஆங்கிலத்தில் அழகாக ஓட்டிக் காட்டுவார். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். போனில் ‘கொல்லையில் கொள்ளு, கோழி, வௌவால்’ என்று அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியை இணைத்ததும் அவள் அதைத் தடவிப் படிக்கட்டும். கொ, கோ இரண்டும் பிரிந்து தெரிகிறதா, ல்ல, ள்ள ஒழுங்காக வருகிறதா, வௌவாலில் வரும் ‘ஔ’ என்ற எழுத்தை ஒன்றாகக் காட்டாமல் இரண்டாக உடைத்துக் காட்டுகிறதா என்று அவளே சொல்லிவிடுவாள். பிறகு அதே வரியை அவள் கருவியில் தட்ட வேண்டும், நீங்கள் போன் திரையைப் பார்த்துச் சரியான தமிழாக விழுகிறதா என்று சொல்ல வேண்டும். மாமனும் மருமகளும் சேர்ந்து செய்கிற சோதனை, பத்து நிமிடம் ஆகாது. இதற்கு இடம் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

கருவி சரியாக இருந்தும் தமிழ் வராமல் போகிற இடம் ஒன்று உண்டு. கல்லூரிகளில் சுற்றுகிற பழைய பிடிஎஃப் குறிப்புகள் பல பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. திரைவாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் படிக்கும், டிஸ்ப்ளேயும் அதைத்தான் காட்டும். தமிழக அரசு 2010இலேயே, எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டை ஏற்றுக்கொண்டது. கல்லூரிக் குறிப்புகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாளே பேராசிரியரிடம் போய், “ஐயா, குறிப்பை யூனிகோடில் வேர்டு கோப்பாகக் கொடுங்கள்” என்று அவளே கேட்கப் பழகட்டும். புத்தகங்களுக்கு 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. பார்வையற்றோர் உறுப்பினராகிப் பதிவிறக்கலாம்.

தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாணவர் விரும்பினால் கணினியிலோ பிரெயிலிலோ எழுதலாம் என்றும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் இருந்தது. இப்போது நடப்பில் இருக்கும் வழிகாட்டுதலைக் கேட்டு வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேர்க்கையின்போதே கல்லூரியில் பேசிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் போய் நின்றால் நடக்காது.

பணத்துக்கு உங்கள் பையை மட்டும் நம்ப வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்குக் கைபேசி கொடுக்கும் திட்டம் மாநில அரசிடம் உண்டு, உதவிக் கருவிகளுக்கென்று மத்திய அரசின் ஆடிப் திட்டமும் உண்டு. உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், நடையாக நடக்க வேண்டியிருக்கும். ஆனால் போன் அந்த வழியில் வந்தால் உங்கள் பணம் முழுக்க டிஸ்ப்ளேக்குப் போகும். மதுரைக்குப் பக்கத்தில் சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியன் அசோசியேஷன் ஃபார் த பிளைண்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அதைத் தொடங்கிய ஜின்னா அவர்களும் பார்வையற்றவர்தான். பிரெயிலோடு வாழ்கிறவர்களோடு ஒரு மணி நேரம் பேசினால், கடையில் பத்து நாள் கேட்டாலும் தெரியாதது தெரியும்.

இதையெல்லாம் முழுப் பார்வையிழப்பு என்று நீங்கள் சொன்னதை வைத்துச் சொன்னேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பிள்ளைக்குக் கொஞ்சம் பார்வை மீதி இருந்தால் பிரெயில் கருவிக்கு ஓடுவதற்கு முன், அரவிந்த் போன்ற மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் காட்டுங்கள். அவர்களுக்கு உருப்பெருக்கியும் பெரிய எழுத்துமே போதுமாக இருக்கலாம்.

கடைசியாகப் பராமரிப்பு. புள்ளிகள் எழும்பும் துளைக்குள் தூசியும் வியர்வையும் எண்ணெயும் இறங்கினால் புள்ளி மக்கர் பண்ணும். நம் ஊர் சித்திரை வெயிலில் கை பிசுபிசுக்காமல் இருக்காது. படிக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வதைப் பழக்கமாக்க வேண்டும். வடை தின்ற கையோடு தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், முக்கியமாக அவளுடைய தம்பிகளுக்கு. வேலை முடிந்ததும் உறையில் போட வேண்டும், பஸ்ஸில் மேலே சாமான் வைக்கும் பலகையில் வைக்கக்கூடாது, மடியில்தான்.

கடைக்குப் போகிற அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நீங்கள் மட்டும் போய் வாங்கி வந்துவிடாதீர்கள். புள்ளி அவள் விரலுக்கு மென்மையா, கெட்டியா, விசை கைக்கு அகலமா, குறுகலா என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.